ஐஸ் கோரில் உப்பும் தூசியும் அளக்க: புதிதாக வருபவர்களுக்கு

அண்டார்டிகாவின் நடுமேட்டில் டோம் சி என்று ஓர் இடம். கடல்மட்டத்திலிருந்து 3,233 மீட்டர் உயரம்; கடற்கரைக்குப் போக வேண்டுமானால் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். அங்கே விழும் பனியிலும் கடல் உப்பு இருக்கிறது. அலை தெறித்த துளி காய்ந்து, துகளாகிக் காற்றில் ஏறி, அத்தனை தூரம் வந்து படிந்த உப்பு அது. அதோடு தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவின் புழுதியும் எரிமலை கக்கிய கந்தகமும் கடல் நுண்பாசி விட்ட வாயுவிலிருந்து உண்டான அமிலமும் சேர்ந்தே வருகின்றன. பனி மேலே மேலே விழுந்து இறுகிக்கொண்டே போவதால், ஐரோப்பியரின் எப்பிகா திட்டம் அங்கே துளைத்தெடுத்த சுமார் 3,270 மீட்டர் தண்டில் 8 லட்சம் ஆண்டுக் காற்றின் கணக்கு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இந்தத் தண்டுதான் ஐஸ் கோர். அதை உருக்கி, உள்ளே கரைந்திருப்பதை அளந்தால் அந்தந்தக் காலத்துக் காற்றில் என்ன துகள்கள் மிதந்தன என்று சொல்லலாம்.

இது அந்த வேலைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்காக எழுதியது. எம்எஸ்சி வேதியியலோ புவியியலோ முடித்திருந்தால் போதும். இதில் பாதிக்கு மேல் சுத்தத்தைப் பற்றித்தான் இருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். கருவியை ஓட்டச் சில வாரங்களில் பழகிவிடலாம். மாதிரிக்குள் உங்களைக் கலக்காமல் இருக்கப் பழகுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

எவ்வளவு குறைவு என்று முதலில் புரியட்டும்

இங்கே புழங்கும் அலகு பிபிபி, நூறு கோடியில் ஒரு பங்கு. நீரைப் பொறுத்தவரை லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 12 மில்லிகிராம் உப்பைப் போட்டுக் கலக்கினால் அது ஒரு பிபிபி. உப்பு ஜாடிக்குள் ஈர விரலை விட்டு எடுத்தால் அதைவிட அதிகமாகவே ஒட்டும்.

டோம் சி பனியில், இன்றைய வெப்பக் காலத்து அடுக்குகளில், சோடியம் 20 பிபிபி வாக்கில் இருக்கும். சல்பேட் நூறை ஒட்டி. கால்சியம் ஒற்றை இலக்கம். இப்போது உங்கள் வியர்வையைப் பாருங்கள்: லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம். அதில் ஒரே ஒரு மைக்ரோலிட்டர் 10 மில்லிலிட்டர் மாதிரிக்குள் போனால் சோடியம் 100 பிபிபி கூடிவிடும். உண்மை அளவு 20, கருவி காட்டுவது 120. கருவி பொய் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்ததை அது சரியாகவே அளந்திருக்கிறது.

இந்தத் துறையில் சுத்தப் பித்து தொடங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், தன் ஆய்வகக் காற்றிலும் குழாயிலும் இருந்த ஈயமே மாதிரிகளைக் கெடுக்கிறது என்று கண்டு, சுத்த அறைக்கே இலக்கணம் வகுத்தவர். அவரும் முரோசுமி, சௌ என்ற இரு ஆய்வாளர்களும் 1969-ல் வெளியிட்ட ஆய்வு, கிரீன்லாந்துப் பனியில் ஈயம் தொழிற்புரட்சியோடு ஏறி, 1940-க்குப் பிறகு செங்குத்தாக எகிறியதைக் காட்டியது. பெட்ரோலில் கலந்த ஈயம்தான் காரணம். அவர்கள் தண்டின் வெளிப்பக்கத்து அழுக்கைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதை அளக்கப் பட்ட பாடு இல்லாமல் அந்த ஏற்றத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எதை அளக்கிறோம், எதற்கு?

சரி, எந்த அயனி எந்தக் கதையைச் சொல்லும்? சோடியம் என்றால் பெரும்பாலும் கடல் உப்பு. கால்சியத்தில் கடலின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது நிலத்தூசி. அண்டார்டிகாவுக்குப் பனியுகத்தில் தூசி அனுப்பியது முக்கியமாகப் படகோனியா. கிரீன்லாந்துக்குக் கிழக்காசியப் பாலைகள். மெத்தேன் சல்ஃபோனிக் அமிலம், சுருக்கமாக எம்எஸ்ஏ, கடல் நுண்பாசியிலிருந்து மட்டுமே வருவது. அம்மோனியம் கிரீன்லாந்தில் மண்ணையும் காட்டையும் காட்டுத்தீயையும் காட்டும். தீயைத் தனியாகப் பிரிக்க வேண்டுமானால் கருங்கரியோ, மரம் எரிந்தால் உண்டாகும் லெவோகுளுகோசனோ சேர்த்து அளக்க வேண்டும். சல்பேட்டுக்கு மூலங்கள் பல: கடல் உப்பிலும் உண்டு, பாசியிலிருந்தும் வரும், எரிமலையிலிருந்தும் வரும். இருபதாம் நூற்றாண்டு கிரீன்லாந்தில் நம் நிலக்கரிப் புகையும் சேர்ந்துகொண்டது. 1970-களில் உச்சம் தொட்டு, அப்புறம் சட்டங்கள் வந்து இறங்கியது. நைட்ரேட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதில் முதலிலேயே கை வைக்காதீர்கள்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய எரிமலை அடுக்கைத் தேடுங்கள். குறி பெரிதாக இருக்கும், விடையும் தெரிந்தது; தவறினால் உங்களுக்கே தெரிந்துவிடும். சமாலஸ் நல்ல பயிற்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் இரு துருவத்திலும் ஒரு மாபெரும் சல்பேட் உச்சம் இருப்பது பல ஆண்டுகளாகத் தெரியும், எந்த மலை என்றுதான் தெரியாது. 2013-ல் ஃபிராங்க் லவீன் தலைமையிலான குழு அது இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில், ரின்ஜானியை ஒட்டியிருந்த சமாலஸ், 1257-ல் வெடித்தது என்று நிறுவியது. அடுக்குமண்டலத்துக்கு அது அனுப்பிய கந்தகம் 1815-ல் வெடித்த தம்போரா எரிமலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது இன்றைய கணக்கு.

இடத்தையும் யோசிக்க வேண்டும். டோம் சியில் ஆண்டுக்கு விழும் பனி உருகினால் மூன்று சென்டிமீட்டர் நீர்கூடத் தேறாது. அங்கே ஆண்டு ஆண்டாக எண்ண முடியாது. கடலோரத்து லா டோமிலோ கிரீன்லாந்திலோ பனி நிறைய விழும், கோடையும் குளிர்காலமும்கூடப் பிரியும். நீண்ட காலம் வேண்டுமானால் வறண்ட மேடு, நுட்பமான காலப்பிரிவு வேண்டுமானால் பனி கொட்டும் கரை. இரண்டும் ஒரே தண்டில் கிடைக்காது.

இந்தியாவிலிருந்து இதில் இறங்க விரும்புபவர்கள் கோவாவின் வாஸ்கோடகாமாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தை முதலில் பாருங்கள். அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் டிரோனிங் மாட் நிலப்பகுதியில் எடுத்த தண்டுகளை அந்த மையத்திலேயே குளிர் அறையில் வைத்து வெட்டி அளக்கிறார்கள்.

தண்டு கைக்கு வந்ததும்

ஐரோப்பியத் திட்டங்களின் தண்டு பெரும்பாலும் 55 சென்டிமீட்டர் துண்டுகளாக, பாலித்தீன் உறையில் வரும். விட்டம் சுமார் பத்து சென்டிமீட்டர். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். எண்ணை வைத்தே ஆழம் கணக்கிடலாம். உறையைப் பிரிக்கும் முன் மேல் எது, கீழ் எது என்று அம்புக்குறி பாருங்கள். அது இல்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தலைகீழாக வெட்டிய துண்டு எண்களில் அழகாகவே இருக்கும். பக்கத்துத் துண்டோடு பொருந்தாதபோதுதான் பிடிபடும். உடைப்பு, விரிசல், மேகம் போன்ற பட்டை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால். −20 டிகிரியில் பேனா எழுதாது.

மேற்பரப்பிலிருந்து அறுபது, நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் அது பனிக்கட்டியே அல்ல, ஃபிர்ன் எனப்படும் துளைகள் நிறைந்த இறுகிய பனி. வெளி அழுக்கு எளிதாக உள்ளே போகும். ஆழமான துளையை மூடிக்கொள்ளாமல் வைத்திருக்க ஊற்றும் திரவம் இன்னொரு தொல்லை: கிரீன்லாந்தின் ஜிஸ்ப்-2 என்ற துளையில் பியூட்டைல் அசிடேட், வேறு பல துளைகளில் மண்ணெண்ணெய் வகையறா. தண்டின் மேற்பரப்பு முழுக்க அதில் ஊறியிருக்கும். சில நூறு மீட்டர் ஆழத்தில் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் தண்டு நொறுங்கும் பகுதி ஒன்று வரும். அங்கே விரிசல் வழியாகத் திரவம் நடுவரைக்கும் போயிருக்கலாம். விரிசல் விழுந்த துண்டை அளக்கவே வேண்டாம் என்பது என் பழக்கம். ஓர் இடைவெளி விட்ட வரைபடம், கெட்ட புள்ளி உள்ள வரைபடத்தைவிட மேல்.

வெட்டும் முன் மின்கடத்தல் பார்த்துவிடுங்கள். கிளாஸ் ஹேமர் 1980-ல் பிரபலமாக்கிய வழி அது: தண்டை நீளவாக்கில் மட்டமாகச் சீவி, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் கொடுத்த இரண்டு முனைகளை மேலே இழுத்துச் சென்றால், அமிலம் அதிகமுள்ள இடத்தில் மின்னோட்டம் எகிறும். பனிக்குச் சேதமில்லை, சில நிமிட வேலை. எரிமலை அடுக்கு எங்கே இருக்கலாம் என்று கை காட்டிவிடும். பனியுகக் கிரீன்லாந்தில் மட்டும் இது ஏமாற்றும்: சுண்ணாம்புத் தூசி அமிலத்தை அடக்கிவிடுவதால் கோடு படுத்தே கிடக்கும்.

குளிர் அறையில்

தனியாகப் போகாதீர்கள். இது சடங்கல்ல, பட்டை ரம்பம் ஓடும் இடம், விரல்கள் மரத்துப்போயிருக்கும் இடம். தடித்த கையுறை பிளேடில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே வந்து சூடேற்றிக்கொள்ளுங்கள். பசியோடு போகாதீர்கள், அவசரம் வரும்.

உள்ளே கதகதப்புக்கு ஒரு கையுறை, அதன் மேல் மாவு பூசாத பாலித்தீன் கையுறை. மேல் கையுறை மலிவானது; பெட்டி பெட்டியாக மாற்றுங்கள். முகத்தைத் தொட்டாயிற்றா, கதவுப்பிடியைத் தொட்டாயிற்றா, மாற்றுங்கள். −20-ல் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும். அனிச்சையாகப் புறங்கையால் துடைத்துக்கொள்வோம், அதே கை அடுத்து பனியை எடுக்கும். முகக்கவசம் போடுவதற்கு அதுவே போதுமான காரணம். மூச்சிலிருந்து வரும் அம்மோனியா இன்னொன்று.

புது ரம்பப் பிளேடு எண்ணெய் பூசித்தான் வரும். கரைப்பான் வைத்துத் துடைத்து, தூய நீரில் கழுவி, உலர்த்தி, பிறகு முதலில் வெட்ட வேண்டியது ஐஸ் கோரை அல்ல, ஆய்வகத்திலேயே தூய நீரை உறையவைத்துச் செய்த கட்டியை. அந்தக் கட்டியை எடுத்து வையுங்கள், சோதனைக்கு வேண்டும். அதைச் செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நீர் உறையும்போது கரைந்திருப்பதை வெளியே தள்ளும், கடைசியில் உறையும் நடுப்பகுதி வெண்மையாக, அழுக்கு ஒதுங்கிய இடமாக இருக்கும். தெளிவான ஓரப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு நடுவை எறிந்துவிடுங்கள்.

தண்டின் குறுக்குவெட்டில் உங்கள் பங்கு எது என்று முன்பே திட்டம் இருக்கும்: ஒரு பகுதி ஐசோடோப்புக்கு, ஒன்று வாயுவுக்கு, ஒன்று வேதியியலுக்கு, ஒன்று காப்பகத்துக்கு. வேதியியலுக்கு எப்போதும் நடுப்பகுதியைக் கேளுங்கள்.

சுரண்டுவது

நாள் முழுக்கச் செய்தாலும் எனக்கு அலுக்காத வேலை இது. வடிகட்டிய காற்று சீராக ஓடும் மேடையில், பனிக்குச்சியைச் சுத்தமான பாலித்தீன் தாள்மேல் வையுங்கள். பீங்கான் கத்தி நல்லது, உலோகம் கலக்காது. ஒரு கை அழுக்குக் கை, இன்னொரு கை சுத்தக் கை என்று வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அழுக்குக் கை வெளிப்பரப்பைப் பிடிக்கும். சுத்தக் கை சுரண்டிய முகத்தையும் புட்டியையும் மட்டும் தொடும்.

கத்தியை ஒரே திசையில் இழுங்கள், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எடுத்த அழுக்கைத் திரும்பப் பூசுகிறீர்கள். முதல் சுற்றில் ரம்பத்தின் கோடுகள் மறையும் வரை எடுத்து, கத்தியை மாற்றி, மறுபடி ஒரு சுற்று. ஒவ்வொரு முகத்திலும் மொத்தம் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் போக வேண்டும். இரண்டு முனைகளையும் மறந்துவிடாதீர்கள்; நான்கு பக்கத்தையும் கண்ணாடியாகச் சீவிவிட்டு, ரம்பம் பட்ட முனையை அப்படியே புட்டிக்குள் போடுபவர்களே அதிகம்.

போதுமான அளவு சுரண்டினோமா என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டை இதற்கென்றே பலி கொடுங்கள். முதல் சுரண்டல் ஒரு புட்டி, இரண்டாவது ஒரு புட்டி, மூன்றாவது ஒரு புட்டி, நடுப்பகுதி கடைசிப் புட்டி. நான்கையும் அளந்தால் வெளியிலிருந்து உள்ளே சோடியம் சரிந்துகொண்டே வந்து ஓரிடத்தில் சமனாக வேண்டும். மூன்றாவதும் நடுவும் ஒன்றாக இருந்தால் நீங்கள் பனியைத் தொட்டுவிட்டீர்கள். நடுவிலும் இன்னும் சரிகிறதென்றால் அழுக்கு அதுவரை போயிருக்கிறது, அந்த எண்ணை நம்ப முடியாது.

புட்டி, உருக்கல், பிளாங்க்

புட்டிகளை 18.2 மெகா ஓம் தூய நீரில் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, கவிழ்க்காமல் மூடி வையுங்கள். மாதிரியை மூடிய புட்டியிலேயே அறை வெப்பத்தில் உருக்கி, அன்றே அளந்துவிடுங்கள். உருகிய நீரை இரவு முழுக்க வைத்தால் அம்மோனியமும் எம்எஸ்ஏயும் மாறும், தூசியிலிருந்து கால்சியம் மெல்ல மெல்லக் கரைந்து கூடும். மறுபடி உறையவைத்து உருக்கினாலும் கால்சியம் அதே அளவில் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அளக்க நேரமில்லாத நாளில் உருக்காதீர்கள், அவ்வளவுதான்.

பிளாங்க் என்பது மாதிரி இல்லாமல் மற்ற எல்லாம் இருக்கும் ஒரு சோதனை. இதில் பல படிகள் உண்டு. தூய நீரை நேரே கருவிக்குள் விடுவது ஒன்று. அதே நீரைப் புட்டியில் ஊற்றி வைத்து அளப்பது அடுத்தது. நீங்கள் உறையவைத்த அந்தக் கட்டியை ரம்பத்தில் வெட்டி, சுரண்டி, உருக்கி, முழு வேலையும் செய்து அளப்பது கடைசி. மூன்றையும் ஒப்பிட்டால் அழுக்கு நீரிலா, புட்டியிலா, கையிலா என்று தெரிந்துவிடும். புதியவர்கள் முதல் வகையை மட்டும் செய்து பிளாங்க் சுத்தம் என்று சொல்வார்கள். அது கருவி சுத்தம் என்று மட்டுமே சொல்கிறது. கண்டறியும் எல்லையை முழு வேலை செய்த பிளாங்குகளின் விலகலை மூன்றால் பெருக்கிப் போடுங்கள். அந்த எண் கருவி விளம்பரத்தில் இருப்பதைவிடப் பெரிதாக வரும். உண்மையான எல்லை அதுதான்.

அயன் குரோமட்டோகிராஃபி

மாதிரி ஒரு பிசின் நிரப்பிய குழாய் வழியாகப் போகும்போது அயனிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, வரிசையாகக் கடத்துத்திறன் உணரியை எட்டும். எதிர்மின் அயனிகளுக்கு ஒரு குழாய், நேர்மின் அயனிகளுக்கு ஒரு குழாய். கருவியின் கையேட்டில் இருப்பதை நான் திரும்ப எழுதவில்லை. அதில் இல்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

செறிவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்ட் கரைசல்களை உங்கள் மாதிரியின் எல்லைக்குள் தயாரியுங்கள்: 0, 5, 10, 20, 50, 100, 200 பிபிபி. ஆயிரத்தில் ஒரு புள்ளியை வைத்து நேர்கோடு போட்டால் ஐந்து பிபிபிக்கு அது எதுவும் சொல்லாது. குறைந்த அளவு ஸ்டாண்டர்டை அன்றன்று புதிதாகச் செய்யுங்கள்.

மாதிரிகளை ஆழ வரிசையில் அளக்காதீர்கள், கலைத்துப் போடுங்கள். நாள் முழுக்க ஓடும் கருவி மெல்ல நகரும். ஆழ வரிசையில் அளந்தால் கருவியின் நகர்வு காலநிலைப் போக்கு மாதிரியே தெரியும். பத்து மாதிரிக்கு ஒரு ஸ்டாண்டர்ட், ஒரு பிளாங்க் இடையில் வைத்தால் பிடிபட்டுவிடும்.

ஃபுளோரைடு, அசிடேட், ஃபார்மேட், எம்எஸ்ஏ எல்லாம் முதல் சில நிமிடங்களில் நெருக்கியடித்து வரும். அசிடேட் ஆய்வகக் காற்றிலிருந்தே மாதிரிக்குள் இறங்கும். இன்னொரு பொறி: நேர்மின் அயனிக் குழாயில் ஓடும் கரைசலாகப் பல ஆய்வகங்களில் பயன்படுத்துவதே எம்எஸ்ஏதான். நீங்கள் பிபிபியில் தேடும் பொருள் பக்கத்து மேசையில் லிட்டர் கணக்கில் இருக்கிறது. அதைக் கலக்கும் இடம் வேறாக, கையுறை வேறாக இருக்கட்டும்.

எண்கள் வந்ததும் மின்சுமைச் சமன் பாருங்கள். தூய அண்டார்டிகப் பனி அமிலத்தன்மை கொண்டது. ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டுக் கூட்டினால் எதிர்மின் பக்கம் கனமாக இருக்க வேண்டும். நேர்மின் பக்கம் கனமாக வந்தால் ஒன்று தூசி மிகுந்த அடுக்கு, இல்லையென்றால் நீங்கள். வியர்வையா என்று சோடியம், குளோரைடு விகிதத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, வியர்வையிலும் இருப்பது அதே உப்புதான். பொட்டாசியத்தைப் பாருங்கள்: கடல்நீரில் அது சோடியத்தில் நூற்றுக்கு நான்கு பங்குதான், வியர்வையில் அதற்குப் பல மடங்கு. பொட்டாசியமும் அம்மோனியமும் சேர்ந்து எகிறிய மாதிரியை ஓரமாக வையுங்கள்.

உருக்கிக்கொண்டே அளக்கும் முறை

பெரிய திட்டங்களில் இப்போது புட்டி இல்லை. சுமார் மூன்றரை சென்டிமீட்டர் சதுரக் குச்சியாக வெட்டிய பனியைச் சூடான உலோகத் தலையின் மேல் நிறுத்துவார்கள். நிமிடத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் உருகும். தலையில் இரண்டு வட்டங்கள். உள்வட்ட நீர் மட்டும் அளவுக்குப் போகும், வெளிப்பரப்பு அழுக்கோடு வரும் வெளிவட்ட நீர் தனியே போகும். சுரண்டும் வேலையே இல்லை. பெர்ன் பல்கலைக்கழகமும் கோபன்ஹேகனும் ஒளிர்வு, நிறமாற்ற முறைகளால் கால்சியம், அம்மோனியம் முதலியவற்றை அளக்கின்றன; அமெரிக்காவின் ரீனோவில் நீரை நேராக ஐசிபி-எம்எஸ் என்ற, தனிமங்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவிக்குள் விட்டு உலோகங்களை அளக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டே. ஒவ்வோர் அயனியும் அதனதன் குழாய் நீளத்துக்கு ஏற்பத் தாமதமாக வரும். தாமதத்தைத் திருத்தாமல் ஒன்றன்மேல் ஒன்று வரைந்தால் கோடையில் விழுந்தது குளிர்காலத்தில் விழுந்ததாகத் தெரியும். அடுத்து, ஃபிர்ன் பகுதியில் உருகிய நீரைத் துளைகள் மேலே உறிஞ்சிக்கொள்ளும், அடுக்குகள் கலக்கும். ஃபிர்னுக்குப் பழைய புட்டி முறைதான் நிம்மதி.

எண்ணிலிருந்து காற்றுக்கு

இப்போது கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: ஆழம், சோடியம், சல்பேட். முதல் வேலை, கடல் உப்போடு வந்த சல்பேட்டைக் கழிப்பது. கடல்நீரில் எடைக்கணக்கில் சல்பேட், சோடியத்தில் 0.252 பங்கு. சோடியம் 40, சல்பேட் 95 என்று வந்திருந்தால் 40 × 0.252 = 10; கழித்தால் 85 பிபிபி கடல் உப்பு சாராத சல்பேட். அண்டார்டிகக் கரையோரத் தண்டுகளில் குளிர்கால அடுக்கில் இது எதிர்மறையாகவே வரும், பயந்துவிடாதீர்கள். கடல் உறையும்போது சோடியம் சல்பேட் தனியே படிகமாகி நின்றுவிடுகிறது; உறைந்த கடலின் மேலிருந்து கிளம்பும் உப்பில் சல்பேட் குறைவு. நீங்கள் கழித்த விகிதம்தான் அந்த உப்புக்குப் பொருந்தவில்லை. எதிர்மறை எண்ணைப் பூஜ்யமாக்கி மறைத்துவிட்டால் கடல் உறைவு தந்த நல்ல தடயத்தை அழித்தவராவீர்கள்.

கால்சியத்துக்கும் இதே கழித்தல், விகிதம் 0.038. தூசி குவிந்த பனியுக அடுக்குகளில் சோடியத்திலேயே ஒரு பங்கு மண்ணிலிருந்து வந்தது. அங்கே இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும். மண்ணில் கால்சியம், சோடியம் விகிதம் 1.78 என்று எடுப்பது வழக்கம்.

அடுத்தது படிவு வீதம். செறிவைப் பனிச் சேர்மானத்தால் பெருக்க வேண்டும். டோம் சியில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 25 கிலோ பனி, கிலோவுக்கு 90 மைக்ரோகிராம் சல்பேட் என்றால், ஆண்டுக்குச் சதுர கிலோமீட்டருக்கு 2.25 கிலோ. இது ஏன் வேண்டும்? பனியுகத்தில் அங்கே பனி விழுவது இன்றைய அளவில் பாதியாகக் குறைந்தது. காற்றில் துகள் அதே அளவு இருந்தாலும் செறிவு இரட்டிப்பாகிவிடும். துகள் வறண்டு படியும் இடங்களில் வீதத்தைப் பாருங்கள். பனியோடு சேர்ந்து கழுவப்பட்டு விழும் கிரீன்லாந்து போன்ற இடங்களில் செறிவே காற்றுக்கு நெருக்கம். பனியுக உச்சத்தில் டோம் சி தூசியின் வீதம் இன்றைக்குப் போல் சுமார் 25 மடங்கு. பாதிச் சேர்மானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் இவ்வளவு.

எரிமலையைத் தேடும்போது சல்பேட்டின் நகரும் இடைநிலை அளவை அடித்தளமாக வைத்து, அதிலிருந்து இயல்பான ஆட்டத்தைப் போலப் பல மடங்கு மேலே போகும் புள்ளிகளைப் பிடியுங்கள். உச்சியின் உயரத்தை ஒப்பிடாதீர்கள், பரப்பைக் கூட்டுங்கள். ஆழமான பனியில் உச்சங்கள் பரவித் தட்டையாகிவிடும். ஒரே காலத்தில் இரு துருவத்திலும் உச்சம் என்றால் வெப்பமண்டல எரிமலை என்று முதல் ஊகம். 1783-ல் வெடித்த லாக்கி ஐஸ்லாந்தில் இருக்கிறது. அது கிரீன்லாந்தில் மட்டும்தான் தெரியும்.

நைட்ரேட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். டோம் சியில் மேல் சில சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கான பிபிபி இருக்கும். ஒரு மீட்டர் ஆழம் போவதற்குள் பெரும்பகுதி காணாமல் போய்விடும். சூரியனின் புற ஊதாக் கதிர் உடைத்துக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சியதை வைத்து அன்றைய காற்றைச் சொல்ல முடியாது. எம்எஸ்ஏவுக்கும் குளோரைடுக்கும் வறண்ட மேடுகளில் இதே சிக்கல் உண்டு. எம்எஸ்ஏ தண்டுக்குள் கோடை அடுக்கிலிருந்து குளிர்கால அடுக்குக்கு நகரவும் செய்யும்.

கடைசியாக, ஒற்றைத் தண்டை வைத்து உறுதியாகப் பேசுவதைப் பற்றி. டோம் சியில் ஒரு மீட்டர் இடைவெளியில் ஐந்து தண்டுகள் எடுத்து ஒப்பிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். ஒரே தண்டை நம்பினால் ஓர் எரிமலையைத் தவறவிடும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம். ஒரு படிவு அளவின் நிச்சயமின்மை 65 சதவீதத்தை ஒட்டி. தம்போராவே சில தண்டுகளில் இல்லை. காற்று அந்த ஆண்டுப் பனியை வாரிக்கொண்டு போய்ப் பக்கத்து மேட்டில் கொட்டியிருக்கும். ஐந்தையும் சராசரி எடுத்தால் நிச்சயமின்மை 29 சதவீதமாக இறங்குகிறது. கருவியின் பிழை இரண்டு, மூன்று சதவீதம் என்று பெருமையாக எழுதும்போது இதை நினைவில் வையுங்கள். உங்கள் தண்டில் சமாலஸ் சிறிதாகத் தெரிந்தால் பக்கத்துத் தண்டைக் கேளுங்கள், வேறு குழுவின் பதிவோடு வைத்துப் பாருங்கள்.

எண்களைக் கொடுக்கும்போது கழித்தது, கழிக்காதது இரண்டையும் கொடுங்கள். பயன்படுத்திய விகிதம், பிளாங்க் அளவு, தள்ளிவிட்ட மாதிரிகளும் தள்ளியதன் காரணமும் பட்டியலில் இருக்கட்டும். மிச்சமிருக்கும் பனியை ஆழமும் அம்புக்குறியும் எழுதி, உறையிட்டு, குளிர் அறைக்குத் திருப்பி அனுப்புங்கள். சல்பேட்டிலுள்ள கந்தக ஐசோடோப்புகளை அளந்தால் ஓர் எரிமலைப் புகை அடுக்குமண்டலத்தை எட்டியதா இல்லையா என்று சொல்ல முடிகிறது. அதற்கு நீங்கள் உருக்கியதைவிட அதிகப் பனி வேண்டும், அதே அடுக்கிலிருந்து.